ரெண்டரை வயசு ஆகப்போகுது, இன்னும் பேச்சு வரல: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 5 மாதம். ஒரு வயதில் ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பால்’, ‘காக்கா’ என்று ஏழெட்டு வார்த்தை சொன்னான். ஒன்றரை வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போவான். பாட்டில் மூடிகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குவான். “அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்று மாமியார் வசம்பு சுட்டு நாக்கில் தேய்க்கிறார். எங்கள் டாக்டர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். ஒரு தெரபி சென்டரில் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள்; ஐம்பது செஷனுக்கு முன்பணம் கேட்டார்கள். நெட்டில் இருந்த 20 கேள்விகளை நானே நிரப்பினேன், 9 வந்தது. “என் மடியில வந்து உட்கார்றான், இவனுக்கா ஆட்டிசம்? நீதான் போனைக் கொடுத்துக் கெடுத்த” என்கிறார் கணவர். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடுமா? ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் வாழ்நாள் முழுக்க அழியாதா?

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதில் அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே மதிப்பீட்டைத் தொடங்குங்கள். இதைச் சொல்ல எனக்கு உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியே போதும். வந்த பேச்சு நின்றுபோயிருக்கிறது.

பேச்சு தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடக் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அது ஓரிரு மாதக் கணக்கு. வருடக் கணக்கில் விட்டுவிடுகிற விஷயம் கிடையாது. இரண்டு வயதில் ஒரு குழந்தை ‘பால் வேணும்’, ‘அப்பா போ’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். உங்கள் மாமியார் சொல்வதிலும் பொய்யில்லை. அவர் மகன் மூன்று வயதில் பேசியிருக்கலாம். அவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: “அத்தை, அவர் சின்னதுல பேசின வார்த்தையை மறந்தாரா? காக்காவைப் பார்த்தா விரலை நீட்டிக் காட்டினாரா?” பெரும்பாலும், “அதெல்லாம் காட்டுவான், வாய்தான் வராது” என்ற பதில்தான் வரும். உங்கள் மகனுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

ஆட்டிசம் என்பது மற்றவரோடு தொடர்புகொள்வதில் சிரமமும், திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கங்களும் சேர்ந்து வருகிற வளர்ச்சி வேறுபாடு. அது உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் 15 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள், கற்ற சொற்கள் நழுவிப்போகும். கூடவே பெயருக்குத் திரும்புவது, டாட்டா காட்டுவது போன்றவையும் குறையும். வேறு காரணங்களாலும் இப்படி ஆகலாம். எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, எந்த வயதிலும் ஒரு குழந்தை தெரிந்ததை இழந்தால் உடனே பார்க்க வேண்டும். எங்கள் துறையில் இதில் இரண்டாவது கருத்து இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? காதிலிருந்து.

குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவதால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான அம்மாக்கள் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குக்கர் விசில் பெரிய சத்தம். பேச்சில் ச, ஸ, த, க போன்ற ஒலிகள் மெல்லியவை, சுருதி கூடியவை. அவை மட்டும் காதில் விழாமல், கதவு சாத்துகிற சத்தமும் பைக் சத்தமும் விழுகிற குழந்தைகள் நிறைய உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும்.

இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சில்லை, தனியாக உட்கார்ந்து விளையாடினாள். எனக்கு ஆட்டிசம் என்றே பட்டது. காதுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன், ஆனால் அந்த முடிவு கையில் வரும் முன்பே தெரபிக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் பரிசோதனைக்குப் போகவில்லை, நானும் விரட்டிக் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவளுடைய பாட்டிதான் சொன்னார்: “டாக்டர், நான் பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பல, தரையில காலைத் தட்டினா திரும்புறா.” அன்றைக்கே பெரா என்ற காதுப் பரிசோதனையை எடுக்க வைத்தோம். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் வைக்கிற காக்ளியர் கருவி பொருத்தினார்கள், இப்போது பேசுகிறாள். ஆனால் அந்த ஐந்து மாதம் அவளுடையது. அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து என் மேசையில் காது ரிப்போர்ட் இல்லாமல் எந்தக் குழந்தைக்கும் ஆட்டிசம் என்று எழுதுவதில்லை.

ஆகவே முதலில் ஓ.ஏ.இ., அப்புறம் பெரா. இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. ஓ.ஏ.இ. காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும். பெரா அந்த ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும், அதனால் சிரப் கொடுத்துத் தூங்க வைப்பார்கள். முந்தின இரவு கொஞ்சம் தாமதமாகத் தூங்கவிட்டு, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். வழியில் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். பாதி குழந்தைகள் தூங்காமல் அழுது, இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்புவதற்கு இதுதான் காரணம்.

இனி நீங்கள் நிரப்பிய கேள்வித்தாள். 20 கேள்வி என்கிறீர்கள், அது எம்-சாட் ஆகத்தான் இருக்கும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகனுக்கு 29 மாதம், வரம்புக்குள்தான் இருக்கிறான். 0 முதல் 2 வரை வந்தால் கவலை குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் ஆள் வைத்து இரண்டாம் சுற்றுக் கேள்விகள் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு 9. அந்த எண்ணைப் பார்த்து எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்களோ தெரியவில்லை. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. இரண்டு சுற்றையும் தாண்டிக் கவலைக்குரியவர்கள் என்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. ஆக, உங்கள் 9 என்பது நோயின் பெயரைச் சொல்லவில்லை, குழந்தைக்கு உதவி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. இது சலித்துப் பார்க்கிற சல்லடை. அதை வைத்து யாரும் முடிவு எழுதக்கூடாது. நீங்களும் உங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

முடிவு எப்படி எடுக்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாததால்தான் பெற்றோர் பாதி பயப்படுகிறார்கள்.

என் அறையில் திருகு மூடி போட்ட சின்னக் கண்ணாடி டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே நாலு முறுக்கு. வெளியிலிருந்து தெரியும், ஆனால் இரண்டு வயதுக் கையால் மூடியைத் திறக்க முடியாது. தரையில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கையில் கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பேன். அப்புறம் நடப்பதுதான் பரிசோதனை. பேச்சு மட்டும் பிந்திய குழந்தை திறந்து பார்க்கும், முடியாது, டப்பாவை என்னிடம் நீட்டும், என் முகத்தைப் பார்க்கும், டப்பாவைப் பார்க்கும், மறுபடி என் முகத்தைப் பார்க்கும். “ம்ம்” என்று ஒரு சத்தம் வரும். சொல் இல்லை, ஆனால் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்துவிட்டது. காது கேளாத குழந்தை இதைவிட அதிகம் செய்யும். என் முகத்தை விட்டுக் கண்ணையே எடுக்காது, கையால் திருகிக் காட்டும். எல்லாத் துறையிலும் வளர்ச்சி பிந்திய குழந்தை டப்பாவை ஆட்டிச் சத்தம் கேட்டுச் சிரிக்கும், வாயில் வைக்கும், அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டும். ஒரு வயதுக் குழந்தை செய்வதைச் செய்யும், ஆனால் சந்தோஷமாக அடுத்தவரையும் சேர்த்துக்கொண்டு செய்யும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் என் கையை மட்டும் எடுத்து மூடிமேல் வைப்பார்கள். முகத்துக்குப் பார்வை வராது. அந்த நேரத்தில் என் கை திறப்பதற்கு ஒரு கருவி, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய ‘கையைப் பிடித்து இழுத்துப் போவான்’ என்ற வரியில் நான் நின்றது அதனால்தான். சிலர் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அழுகையும் இருக்காது, கேட்பதும் இருக்காது.

ஒரு டப்பாவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சோப்பு நீரில் குமிழி விடுவோம். சட்டென்று நிறுத்திவிட்டு, இன்னும் வேண்டும் என்று எப்படிக் கேட்கிறான் என்று பார்ப்போம். ஜன்னலுக்கு வெளியே விரல் காட்டி “அங்க பாரு!” என்போம். விரல் போகும் திசையில் பார்க்கிறானா, விரலையே பார்க்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் நடிக்கிறானா? அப்பா அறைக்குள் வந்தால் முகம் மலர்கிறதா? இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உங்களிடம் பேசுவதற்கு இன்னொரு மணி நேரம் வேண்டும். கர்ப்ப காலம், பிரசவம், குறைமாதமா, பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலை இருந்ததா, வலிப்பு உண்டா, எப்போது நடந்தான், என்ன சாப்பிடுகிறான், எப்படித் தூங்குகிறான், சொந்தத்தில் கல்யாணமா என்றெல்லாம் கேட்போம். குழந்தை அன்றைக்குப் பசியோடோ காய்ச்சலோடோ இருந்தால், அல்லது புது இடம் என்று மிரண்டுபோனால், இன்னொரு நாள் வரச் சொல்வோம். பதினைந்து நிமிடத்தில் சொன்னவர்கள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் சரியாகச் சொல்லும் அளவுக்கு அவர்கள் பார்க்கவில்லை.

இப்படிப் பார்த்ததை எல்லாம் ஒரு வரையறையோடு பொருத்துகிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேட்டின்படி இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மற்றவரோடு கொடுத்து வாங்குகிற சமூகத் தொடர்பு. அதில் மூன்று அம்சங்களிலும் குறை இருக்க வேண்டும். இன்னொன்று, திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கங்கள், மாற்றத்தைத் தாங்காமை, ஒன்றிலேயே ஆழ்ந்த ஈடுபாடு, சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றில் அதிகமோ குறைவோ ஆன உணர்ச்சி. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். மூடி அடுக்குவதும் குக்கர் சத்தத்துக்குக் காதைப் பொத்துவதும் இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. அவை மட்டும் இருந்தால் ஆட்டிசம் ஆகாது. மூடி அடுக்குகிற எத்தனையோ குழந்தைகள் அடுக்கி முடித்துவிட்டு “அம்மா, ரயிலு!” என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மடியில் வந்து உட்காருவது, கட்டிப்பிடிப்பது, அப்பா வந்தால் சிரிப்பது, இதெல்லாம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் தாராளமாக உண்டு. பாசம் இல்லாத குழந்தைகள் என்ற எண்ணம் தவறு. நாங்கள் தேடுவது பாசத்தை அல்ல. தான் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று அவரைத் திருப்புகிறானா என்பதைத் தேடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து. இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரு வயதுக் கணக்கு உண்டு. ஆட்டிசத்தை அனுபவமுள்ளவர்கள் இரண்டு வயதிலேயே நம்பகமாகக் கண்டறிய முடியும். பல துறைகளில் பிந்திய குழந்தைக்கு ஐந்து வயது வரை ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்றுதான் எழுதுவோம். அறிவுத்திறன் குறைபாடு என்று அதற்கு முன்னால் எழுத மாட்டோம், ஏனென்றால் அந்த வயதில் அறிவுத்திறன் சோதனையை நம்ப முடியாது. ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புப் பிரச்சினையை நான்கு வயதுக்கு முன் யாராவது உறுதியாகச் சொன்னால் யோசியுங்கள். கற்றல் குறைபாடு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் தெரியும். இரண்டாம், மூன்றாம் வகுப்பு வரை பொறுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆட்டிசம் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. ரத்தத்திலும் தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்கிற இ.இ.ஜி.யிலும் தெரியாது. வலிப்பு இருந்தாலோ, விழித்திருக்கும்போதே சில நொடி உறைந்து நின்றாலோ இ.இ.ஜி. எடுப்போம். தலைச் சுற்றளவு வயதுக்கு மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தாலோ, ஒரு பக்கக் கைகால் பலவீனமாக இருந்தாலோ, நடை போன்ற திறன்களும் போய்க்கொண்டிருந்தாலோ எம்.ஆர்.ஐ. கேட்போம். காரணமில்லாமல் மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பதில் குழந்தைக்கு லாபமில்லை. மாறாக, செலவே இல்லாத சில பரிசோதனைகள் முக்கியமானவை. டேப் வைத்துத் தலையை அளப்போம். சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தோலைப் பார்ப்போம். இலை வடிவில் வெளிறிய திட்டுகள் இருந்தால் ட்யூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோயாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, இரும்புச்சத்து ஆகியவற்றைப் பார்ப்பதும் நல்லது. சில குழந்தைகளுக்கு குரோமோசோம் மைக்ரோஅரே, ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுப் பரிசோதனைகள் சொல்வோம். அவை ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. இருந்தால் அதன் காரணம் கிடைக்குமா, அடுத்த குழந்தைக்கு வருமா என்று பார்க்கத்தான்.

வசம்பு பேச்சைக் கொண்டுவராது. அதிகமானால் வாந்திதான் வரும். நிறுத்திவிடுங்கள், ஆனால் சண்டை போட்டு நிறுத்த வேண்டாம், மாமியாரின் துணை உங்களுக்கு வேண்டும். அதோடு, யாராவது ‘நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான்’ என்பார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளிவாக வராமல் போகலாம். ஆனால் அதனால் பெயருக்குத் திரும்பாமலும் விரல் நீட்டாமலும் போக மாட்டான்.

போன். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உங்களை அழுத்திக்கொண்டிருப்பது இதுதான். போன் கொடுத்ததால் ஆட்டிசம் வராது. ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யூடியூபில் சொல்கிறார்களே, அப்படி ஒரு நோய்ப்பெயர் டி.எஸ்.எம்-5-ல் இல்லை. ஆனால் போன் எடுத்துக்கொள்கிற நேரம் முழுவதும் குழந்தை இன்னொரு முகத்தைப் பார்க்காத நேரம். ஏற்கெனவே முகம் பார்க்கச் சிரமப்படுகிற குழந்தைக்கு அது பெரிய நஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உச்சவரம்பு, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் மகனுக்கு இப்போது முழுவதும் நிறுத்திவிடுங்கள். நாலைந்து நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ‘போனை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம், அப்புறம் டாக்டரிடம் போவோம்’ என்ற யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். போனையும் நிறுத்துங்கள், மதிப்பீட்டுக்கும் போங்கள். இரண்டும் ஒரே வாரத்தில்.

அம்மாவைக் குற்றம் சொல்வது இன்று நேற்று வந்ததல்ல. 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதலில் விவரித்தார். அதற்குப் பின் இருபது வருடத்துக்கும் மேலாக, அம்மாவின் மனசில் ஈரம் இல்லாததுதான் காரணம் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1964-ல் அதை ஆதாரத்தோடு எதிர்த்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. 1977-ல் மைக்கேல் ரட்டரும் சூசன் ஃபோல்ஸ்டீனும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, இதில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். தடுப்பூசி காரணம் என்று 1998-ல் வந்த கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்றே வந்தாலும் அது நீங்கள் செய்ததோ செய்யத் தவறியதோ இல்லை. இந்த வரியை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

‘எழுதிவிட்டால் அழியாதா?’ என்று கேட்டீர்கள். நோயறிதல் வேறு, ஊனச் சான்றிதழ் வேறு. நாங்கள் உங்களுக்குத் தரும் ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கும் காகிதம். நீங்கள் காட்டினால் ஒழிய எந்தப் பள்ளிக்கும் தெரியாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்படி சலுகைகள் வேண்டும் என்று நீங்கள் விண்ணப்பித்தால்தான் சான்றிதழ். அதற்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துவார்கள்: 40 கேள்விகள், 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம். அதை வாங்குவதா, எப்போது வாங்குவது என்பதெல்லாம் உங்கள் குடும்பத்தின் முடிவு, இன்றைக்கே எடுக்க வேண்டியதில்லை. நோயறிதலும் கல்வெட்டு கிடையாது. இரண்டரை வயதில் சொன்னதை ஆறு மாதம் கழித்து, பிறகு ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பெயர் நிலைக்கும், தீவிரம் மாறும். சிறுபகுதியினருக்குப் பெயரே மாறிவிடுவதும் உண்டு. எதையும் மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

எங்கே போவது? உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தலைமை மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் மையம் அது. வளர்ச்சிக் குறைபாடு சந்தேகிக்கப்படும் குழந்தைகளுக்கென்றே அமைத்தது, கட்டணம் இல்லை. சென்னை வரை வர முடிந்தால் முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போவதானால் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இவர்களில் ஒருவர்தான் பெயர் சொல்லலாம். தெரபிஸ்ட் சந்தேகத்தைச் சொல்லலாம், அதில் தவறில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ஐம்பது செஷன் முன்பணம் கட்ட வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்க ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை சும்மா இருக்காதீர்கள், ஏனென்றால் இப்போது செய்ய வேண்டியதைச் செய்வதற்குப் பெயர் தேவையில்லை. தினமும் மூன்று நான்கு தடவை, பத்துப் பத்து நிமிடம், தரையில் அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். அவன் மூடி அடுக்கினால் பிடுங்காதீர்கள். நீங்களும் ஒரு மூடியைக் கொண்டுபோய் வையுங்கள். அடுத்த மூடி உங்கள் கையில் இருக்கட்டும், உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். ஒரு நொடி உங்களைப் பார்த்தால்கூடப் போதும், “மூடி!” என்று ஒற்றைச் சொல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். உப்பு மூட்டை தூக்கி நாலு அடி நடந்து நில்லுங்கள். அவன் உடம்பை அசைத்தோ சத்தம் போட்டோ கேட்டதும் “இன்னும்!” என்று சொல்லிக்கொண்டே ஓடுங்கள். “இது என்ன? சொல்லு, சொல்லு” என்று கேள்வி கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பெரிய நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கு இப்படி விளையாடச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா அப்பா குழந்தைக்கு ஈடுகொடுத்து விளையாடுவதும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது.

கணவரிடம் ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். “பேரை விடுங்க, காதை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வந்துடலாம்” என்று சொல்லுங்கள். காதுப் பரிசோதனையை மறுக்கிற அப்பாவை நான் பார்த்ததில்லை. பெரா முடிந்து வெளியே வரும்போது அவரும் இந்தப் பாதையில் உங்களோடு வந்திருப்பார்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது அவரையும் மாமியாரையும் கூட்டிப் போங்கள். தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, காது ரிப்போர்ட் இருக்கட்டும். கூடவே அவனுடைய முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். 1994-ல் ஆஸ்டர்லிங், டாசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதல் பிறந்தநாள் வீடியோக்களை மட்டும் வைத்தே, பிற்பாடு ஆட்டிசம் என்று தெரிந்த குழந்தைகளிடம் அப்போதே என்ன வித்தியாசம் இருந்தது என்று எண்ணிப் பார்த்தார்கள். அடுத்தவர் முகத்தைப் பார்ப்பது, விரலால் காட்டுவது, பொருளைத் தூக்கிக் காட்டுவது, பெயருக்குத் திரும்புவது. கேக்கை வெட்டும்போது எல்லோரும் கைதட்டுவார்களே, அந்த நேரத்தில் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் பார்க்க விரும்புவேன். உங்கள் நினைவில் உள்ள ‘ஏழெட்டு வார்த்தை’யில் ஒன்றாவது அதில் பதிவாகியிருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. இப்போது சாப்பிடும்போதும் விளையாடும்போதும் அவனுக்குத் தெரியாமல் இரண்டிரண்டு நிமிடம் எடுத்த வீடியோவும் வேண்டும். அறைக்குள் மிரண்டு நிற்கிற குழந்தை வீட்டில் வேறொரு குழந்தையாக இருப்பான்.

கடைசியாக, அந்தப் பாட்டில் மூடிகள். ‘டாக்டர் முன்னாடி இதை வெச்சு விளையாடினா என்ன நினைப்பாரோ’ என்று வீட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டு வருகிறார்கள் சில அம்மாக்கள். வேண்டாம். ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தெரியாத அறையில், தெரியாத முகங்களுக்கு நடுவே, அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.